ஆறு வரைக்கும் எண்ணினோம்

காசு கொடுத்து அடுத்தவன் அடிபடுவதைப் பார்த்தவன் நான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பன்னிரண்டு வருஷம். இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை, எங்கள் சந்தில் பாதிப் பேர் அப்படித்தான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, இருப்பதில் நல்ல சட்டையாகப் பார்த்து மாட்டிக்கொண்டு, பழைய மாவுமில் கொட்டகைக்குக் கிளம்பிவிடுவோம். தகரக் கூரை, வரிசையாகப் பலகைகள், நடுவில் கயிறு கட்டிய குத்துச்சண்டை மேடை. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் போதும். வாரம் முழுக்க எவனெவனிடமோ வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் தொண்டை வழியாக வெளியே வந்துவிடும். "விடாதே, விலாவுல குடு!" என்று கத்துவோம். வலி மேடையில் இருப்பவனுக்கு. நமக்குத் தொண்டை கட்டிக்கொள்வதோடு சரி.

எங்களுக்குக் கூடுதலாக ஒரு பெருமை உண்டு. மேடையில் நிற்பவன் எங்கள் சந்துக்காரன். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் இருமினால் கேட்கிற சுவர். வேலையும் ஒரே லாண்டரியில். இடது கையால் அடிப்பவன் என்பதால் எல்லோருக்கும் அவன் இடக்கை. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரைக் கூப்பிட ஆளில்லாமல் போய்விட்டது.

லாண்டரி என்றதும் தெருமுனையில் சட்டை தேய்க்கிற கடையை நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்கள் அங்கி எல்லாம் எங்களிடம்தான் வரும். வந்ததும் ரத்தக் கறை உள்ளதைத் தனியே பிரித்துப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அவசரப்பட்டுச் சுடுதண்ணீரில் போட்டால் கறை நூலைப் பிடித்துக்கொள்ளும், பிறகு எமனே வந்து கசக்கினாலும் போகாது. துவைத்து முடிந்த விரிப்புகள் மெஷினுக்குள் ஒன்றோடொன்று முறுக்கிக் கிடக்கும். அதை உருவி வெளியே இழுப்பது இடக்கையின் வேலை. பத்து ஈர விரிப்பு சேர்ந்தால் ஒரு வளர்ந்த ஆளின் பாரம். அதை இழுத்து இழுத்துத்தான் அவனுக்கு அந்தத் தோள். அவன் இழுத்துப் போட்டதை நான் நீராவி உருளைக்குள் விடுவேன். அந்தப் பக்கம் மொடமொடவென்று வெளியே வரும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று முனை பிடித்து, நெருங்கி வந்து, சேர்த்து மடிக்க வேண்டும். தனி ஆளாக அந்த வேலை ஆகாது.

சண்டைக்கு முந்தின வாரம் அவன் எடையைக் குறைப்பான். மதிய இடைவேளையில் இரண்டு கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, துணி உலர்த்தும் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வான். வேர்வை தாடையிலிருந்து சொட்டும். நாங்கள் கதவுப் பக்கமாக உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறப்போம். "வாசனையையாவது பிடிச்சுக்கோடா, அதுக்கு எடை கிடையாது" என்போம். சிரிப்பான். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அவன் வீட்டுப் பொறியில் எலி மாட்டினால் அதைக் கொல்ல என்னைத்தான் கூப்பிடுவான். மேடையில் மனிதன் மூக்கை உடைக்கிறவன், எலிக்குத் திரும்பி நின்றுகொள்வான். இதை நாங்கள் ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தோமே தவிர, யோசித்துப் பார்க்கவில்லை.

அவன் மனைவியும் எங்கள் லாண்டரிதான். கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற பிரிவு. ஒரு சண்டைக்கும் வந்ததில்லை. கேட்டால், "அங்க வந்து நான் என்ன பார்க்கணும்ணே? வீட்டுக்கு வந்ததும் மூஞ்சியப் பார்த்தா தெரிஞ்சுடுது" என்பாள்.

ஆனால் அவள் தங்கையின் புருஷன் ஒரு சண்டையையும் விட்டதில்லை. வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிறவன். முதல் வரிசையில் உட்கார்ந்து, இடக்கை ஜெயித்தால் கயிற்றைத் தாண்டிக் குதித்து அவனைத் தோளில் தூக்கிக்கொள்வான். "என் சகலைடா! என் சகலை!" என்று கொட்டகை முழுக்கச் சுற்றி வருவான். நல்ல வாய். பார்த்த இடத்தில் கும்பிடு, டீ வாங்கிக் கொடுப்பது, பெரியவர்களுக்கு எழுந்து இடம் விடுவது. இவனைப் போல ஒருத்தன் கிடைக்க அந்தப் பெண் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெண், சின்னவள், மழை தொடங்கிய வாரத்தில் ஒரு பையோடு அக்கா வீட்டுக்கு வந்தாள். இரண்டு வருஷத்தில் இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் சமாதானம் பேசித் திருப்பிக் கொண்டுபோய் விட்டவனே இடக்கைதான். "குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கும்" என்று எல்லோரும் சொல்வதைத்தான் அவனும் சொன்னான். இந்த முறை அவளால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. சிலிண்டர்காரன் வெளியில் தெரிகிற இடத்தில் அடிக்க மாட்டான். அந்த விஷயத்தில் கெட்டிக்காரன்.

போலீசுக்குப் போனார்கள். புருஷன் பெண்டாட்டி விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள் பெரியவள், இடக்கையின் மனைவி. போனேன். கூரையில் ஒழுகிய இடத்துக்குக் கீழே பாத்திரம் வைத்திருந்தார்கள். இடக்கை டீயும் ரொட்டியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சின்னவள் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

"அண்ணே, நீங்களே கேளுங்க இவர. டிக்கெட் வாங்கினவனுக்காக முன்னப்பின்ன தெரியாதவன அடிக்கக் கை வருது. என்கூடப் பொறந்தவளுக்காக ஒரு அடி அடிக்கக் கை வரல."

"அது வேற, இது வேறடி" என்றான் இடக்கை.

"என்ன வேற? கை ஒண்ணுதான?"

"அங்க எதிர்ல நிக்கிறவனுக்கும் என் எடைதான். அவனும் ஆறு மாசம் பழகிட்டு வந்திருக்கான். என் கையில இருக்கிற அதே கிளவுஸ்தான் அவன் கையிலயும். இடுப்புக்குக் கீழ அடிக்க மாட்டான், முதுகுல அடிக்க மாட்டான். மணி அடிச்சா ரெண்டு பேரும் நிறுத்திடுவோம். அவன் மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது."

"ஆக, கோவமே இல்லாம மூக்க உடைப்பீங்க. கோவம் வர வேண்டிய இடத்துல உக்காந்து ரொட்டி தின்பீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையில், எனக்கும் ஊற்றிக் கொடுத்திருந்த டீயை அப்படியே முழுங்கினேன்.

"வெளிய ஒருத்தன் மேல கை வச்சா லைசென்ஸ் போயிடும்" என்றான் அவன் மெதுவாக.

"போகட்டும். அந்த லைசென்ஸ வச்சு என்ன கோட்டையா கட்டிட்டோம்?"

"அது மட்டும் இல்ல. நான் ஒரு அடி அடிச்சா அதத்தான் ஊரே பேசும். அவன் ரெண்டு வருஷமா செஞ்சது காணாமப் போயிடும். அதோட, எனக்குச் சண்டை போடத் தெரியாதுடி."

"கேட்டீங்களாண்ணே? சுவர் பூரா மெடல மாட்டி வச்சுக்கிட்டு சண்டை போடத் தெரியாதாம்."

"நிஜமாத்தான் சொல்றேன். எனக்கு அந்தக் கயித்துக்குள்ளதான் தெரியும்."

"தானாடாட்டாலும் தன் சதை ஆடும்பாங்க. உங்களுக்கு என்ன, சதைதான் ஆடுது, அதுவும் ஞாயித்துக்கிழமை மட்டும்!"

இப்படியே போயிற்று. கடைசியில் சின்னவள்தான் வாயைத் திறந்தாள். "மாமா யாரையும் அடிக்க வேணாம்க்கா. நான் திரும்பிப் போகல, அவ்வளவுதான். எனக்கு ஒரு வேலை மட்டும் பார்த்துக் குடுங்க."

மேஸ்திரியிடம் சொல்லி லாண்டரியில் சேர்த்துவிட்டேன். கை தூக்க முடியாததால் கனமான வேலை கொடுக்கவில்லை. மடிக்கிற இடத்தில் எனக்கு எதிர்முனை பிடித்தாள். இரண்டாவது வாரம் கேட்டாள்: "மாமா சண்டைக்கு நானும் வரலாமாண்ணே?"

"அங்க பொம்பளைங்க அவ்வளவா வர மாட்டாங்கம்மா."

"அடிக்கிறத நான் பார்க்காததா?"

கூட்டிப் போனேன். சிலிண்டர்காரனை உள்ளே விடக்கூடாது என்று இடக்கை வாசலில் சொல்லி வைத்திருந்தான். அன்று எதிராளி ஒரு பேக்கரிக்காரன், அகலமான நெஞ்சு, கனமான அடி. முதல் ரவுண்டில் இடக்கையின் புருவம் கிழிந்தது. நான் வழக்கம் போல எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன். அவள் உட்கார்ந்தே இருந்தாள், இரண்டு கையும் மடியில். நான்காவது ரவுண்டில் அந்த இடது, எங்கிருந்து கிளம்பிற்று என்றே தெரியாமல், பேக்கரிக்காரன் தாடையில் போய் உட்கார்ந்தது. மரம் சாய்ந்த மாதிரி விழுந்தான். கொட்டகை அதிர்ந்தது. இடக்கை அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எதிர் மூலைக்குப் போய், கயிற்றில் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு நின்றான். ரெஃபரி விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். அவரோடு சேர்ந்து நாங்களும் கூரை பிளக்க எண்ணினோம்.

"மாமா ஏன் தள்ளிப் போய் நிக்கிறாரு?" என்று அவள் என் காதருகில் கத்திக் கேட்டாள்.

கேட்க ஆள் கிடைத்துவிட்டது, எனக்குச் சொல்லவா வேண்டும். "விழுந்தவன அடிக்கக் கூடாதும்மா. எண்ணி முடிக்கிற வரைக்கும் அந்த மூலையிலதான் நிக்கணும். பத்துக்குள்ள அவன் எந்திரிக்கலைன்னா முடிஞ்சுது."

"முடிஞ்சுதுன்னா?"

"தோத்துட்டான். இறங்கிப் போயிட வேண்டியதுதான்."

"போயிடுவாங்களா?"

"போகாம? பத்து எண்ணியாச்சுன்னா அப்புறம் பேச்சே கிடையாது."

பேக்கரிக்காரன் எழவில்லை. தண்ணீர் தெளித்து உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தள்ளாடி வந்து இடக்கையைக் கட்டிப் பிடித்து முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, பக்கத்துக் கதவு வழியாக வெளியே போனான். அவன் போய்க் கதவு மூடுகிற வரைக்கும் அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். விளையாட்டில் ருசி பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்குள் சந்து முழுக்க விஷயம் பரவிவிட்டது. ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்களில் கூத்தாடி யார், ஊர் யார் என்று பிரிக்கவே முடியாது. சலூன்காரர் கடையில் தினமும் இதே பேச்சு. அவருக்குக் கத்தரிக்கோலை விட வாய் கூர்மை. கொட்டகையில் எண்ணும்போது ரெஃபரிக்கு முன்னால் அவர் கை மேலே போய்க் கீழே வரும்.

"இத்தன வருஷமா கிளவுஸோடதான பார்த்தோம்" என்றார் ஒரு நாள், யார் தலையையோ வெட்டிக்கொண்டே. "வெறுங்கையால அவன் ஒண்ணு குடுத்தா எப்படி இருக்கும்னு எனக்கு ஒரே ஒரு தடவ பார்க்கணும்."

"கிளவுஸ் இல்லாம அந்த இடது விழுந்தா தாடை தனியா வந்துடும்" என்றேன் நான்.

ஆமாம், நான்தான் சொன்னேன். பெரியவள் வீட்டில் டீ குடித்த வாயால் சொன்னேன். எங்களில் ஒருவருக்கும் சின்னவள் மேல் கெட்ட எண்ணம் இல்லை. அந்தப் பயலுக்கு யாராவது பாடம் கற்பிக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் சொன்னோம். சொல்லும்போது எல்லோர் கண்ணிலும் ஒரு பளபளப்பு இருந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

சிலிண்டர்காரனும் அதே கடையில்தான் முகம் வழிப்பான். கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு சலூன்காரர் அவனிடம் சொல்லியிருக்கிறார்: "இடக்கை கூட்டம் பார்க்க மேடையில அடிக்கிறவன்பா. நெஞ்சுல தில்லு இருந்தா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து உன் பொண்டாட்டியக் கூப்பிட்டுப் பாரு. வீட்டுலதான் இருப்பான்." இதை அவரே எங்களிடம் பெருமையாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அந்தப் பக்கம் போனபோது, "அஞ்சு மணிக்கு வரேன்னு சொல்லிட்டான்" என்று கண்ணடித்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம்தான் வீடு. ஒரு தட்டுத் தட்டி, "அவன் வரானாம்மா, உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கோங்க" என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு நிமிஷம் ஆகுமா? நான் வீட்டுக்குப் போய்க் குளித்து நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். இதைச் சொல்லும்போது என் நாக்கு கூசுகிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை.

மழை விட்டிருந்தது. சந்து நெடுகத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. நாலரைக்கே ஆட்கள் வாசல்படியில் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். மாடி ஜன்னல்களில் தலைகள். சலூன்காரர் கடையைச் சாத்திவிட்டு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார். எதற்கு இத்தனை பேர் என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. துணி காயப்போட வெளியே வந்தவள், "என்னண்ணே, தண்ணி லாரி வருதா?" என்று என்னைக் கேட்டாள். "தெரியலம்மா" என்றேன்.

ஐந்து மணிக்கு அவன் வந்தான். இடுப்புப் பட்டையில் எப்போதும் தொங்குகிற ஸ்பானர், ஒரு முழ நீளம். வேலை முடித்து நேராக வந்தவன் போலிருந்தான். எங்களுக்கெல்லாம் ஒரு கும்பிடு போட்டான். நாங்களும் தலையாட்டினோம். வாசலில் நின்று, அடக்கமான குரலில், "கிளம்பலாமா? போதும் கோவிச்சுக்கிட்டது" என்று கூப்பிட்டான். சின்னவள் வாசலுக்கு வந்து, "நான் வரல" என்றாள். அவன் எட்டி அவள் வலது கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தான். தூக்க முடியாத அந்தக் கையை. அவள் போட்ட சத்தத்தில் இடக்கை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். அவளை இழுத்து இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றான். அவள் கை மட்டும் இன்னும் சிலிண்டர்காரன் பிடியில் இருந்தது.

"சகலை, கைய விடு."

"என் பொண்டாட்டி சகலை."

"விடுன்னேன்."

சிலிண்டர்காரன் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "அடிங்களேன். எத்தன தடவ உங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். இன்னைக்கு எனக்கு ஒண்ணு குடுங்க, வாங்கிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் கையைப் பின்னால் முறுக்கினான்.

இடக்கை அடித்தான், வலதில் ஒன்று வயிற்றில். சிலிண்டர்காரன் பிடி விட்டது. வலதில் இன்னொன்று விலாவில். மூன்றாவது இடது. அந்தச் சத்தத்தை நான் கொட்டகையில் கேட்டதே இல்லை. கிளவுஸ் போட்டு அடித்தால் பொத்தென்று இருக்கும். இது விறகை உடைக்கிற மாதிரி கேட்டது. சிலிண்டர்காரன் தேங்கின தண்ணீரில் மல்லாந்து விழுந்தான்.

சந்து முழுக்க எழுந்து நின்று கத்தியது. நானும் கத்தினேன்.

இடக்கை பின்னால் நகர்ந்தான். ஒரு அடி, இரண்டு அடி, அப்புறம் திரும்பி விறுவிறுவென்று நடந்து, எதிர்ப்பக்கம் தண்ணீர்த்தொட்டி இருக்கிற மூலைக்குப் போய், தொட்டியின் விளிம்பில் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு நின்றான். யாரும் போகச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் பழகின கால் தானாகப் போயிற்று. விழுந்தவன் பக்கத்தில் இரண்டடி தள்ளி, வலிக்கிற கையைப் பிடித்துக்கொண்டு சின்னவள் தனியாக நின்றாள்.

"ஒண்ணு!" என்றார் சலூன்காரர். கை மேலே போய்க் கீழே வந்தது.

"ரெண்டு!" பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள்.

"மூணு!" மாடி ஜன்னல்களும் சேர்ந்தன. என் வாயும் திறந்துகொண்டது.

"நாலு!" சிலிண்டர்காரன் ஒருக்களித்துப் புரண்டான்.

"அஞ்சு!" முழங்காலை ஊன்றினான். கை இடுப்புக்குப் போயிற்று. நீங்கள் இதைப் பார்க்கவில்லையா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். பார்த்தோம். எழுந்துவிடுவானோ, இன்னொரு ரவுண்டு இருக்குமோ என்று பார்த்தோம்.

"ஆறு!"

எழுந்த வேகத்திலேயே ஸ்பானரை வீசினான். இடக்கை பக்கம் திரும்பவே இல்லை. கைக்கெட்டின தூரத்தில் அவள்தான் நின்றாள். தாடையில் விழுந்தது. சத்தம் போடாமல் உட்கார்ந்தாள், பிறகு சரிந்தாள். இடக்கை அந்தத் தொட்டியருகிலேயே நின்றான். முதலில் ஓடியது பெரியவள்தான். அவள் அலறிய பிறகுதான் அவன் கால் நகர்ந்தது, எங்கள் காலும்.

தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. ஐந்து பற்கள் போயின. இடது காது இனிமேல் கேட்காது என்று சொல்லிவிட்டார்கள். வாயைக் கம்பி போட்டுக் கட்டி, குழாயில் கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள். கொட்டகைச் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இடக்கைக்கு இனிமேல் மேடை கிடையாது.

சிலிண்டர்காரன் தரப்பில் சொன்னது இதுதான்: பழக்கப்பட்ட குத்துச்சண்டைக்காரன் முதலில் அடித்தான், உயிருக்குப் பயந்து கையில் கிடைத்ததை வீசினேன், அவள் நடுவில் வந்துவிட்டாள். இடக்கை பயந்தது போலவே ஆயிற்று. பெரியவள் சாட்சிக்காக ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். அந்த மூன்று அடியையும் எல்லோரும் அப்படியே ஒப்பித்தார்கள், வயிறு, விலா, தாடை என்று. ஸ்பானரைப் பற்றிக் கேட்டால், "அந்தப் பக்கம் கவனிக்கலம்மா", "கூட்டம் மறைச்சுடுச்சு." சலூன்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு மச்சினன் வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் போனேன். புண்ணியத்துக்காக இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் இருப்பதைக் கேட்டுக்கொண்டு என்னால் தூங்க முடியவில்லை. விசாரணை அதிகாரி எழுதிக்கொண்டே கேட்டார்:

"விழுந்தவன் விழுந்த வேகத்துலயே வீசினானா, இல்ல நிதானிச்சு எந்திரிச்சு வீசினானா? அதுதான் முக்கியம்."

"நிதானிச்சுதாங்க ஐயா. ஆறு எண்ணுற நேரம் இருந்துச்சு."

"உத்தேசமாச் சொல்றீங்களா?"

"இல்லங்க. சரியா ஆறு."

"எப்படி அவ்வளவு சரியாத் தெரியும்?"

"எண்ணினோம் ஐயா."

பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "யாரு எண்ணினது?"

"எல்லாரும்."

"எதுக்கு?"

அவர் அந்தக் கேள்வியை எழுதாமலே அடுத்த கேள்விக்குப் போனார். வழக்கு இன்னும் முடியவில்லை. சிலிண்டர்காரன் ஜாமீனில் வெளியே வந்து வேறு பக்கம் சிலிண்டர் போடுகிறான் என்று கேள்வி.

சலூன்காரர் இரண்டு மாதத்தில் திரும்பி வந்தார். கடை திறந்த அன்றே பழைய கதை. புது ஆள் யாராவது நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், கத்தரிக்கோலை வைத்துவிட்டு, இடக்கை மாதிரி காலை அகட்டி நின்று, அந்த மூன்று அடியையும் நடித்துக் காட்டுகிறார். "டிக்கெட் இல்லாம பார்த்தோம்யா, எங்க வீட்டு வாசல்ல!" மூன்றாவது அடியோடு கதை முடிந்துவிடும். நான் அங்கே போவதை விட்டுவிட்டேன் என்று சொன்னால் என்னை யோக்கியன் என்று நினைப்பீர்கள். எனக்குத் தலையில் முடி அவ்வளவாக இல்லை, அதுதான் காரணம்.

இடக்கை இப்போதும் ஈர விரிப்பை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறான். பெரியவள் அவனுக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. ஒரு நாள் மெஷின் பக்கத்தில் தானாகவே சொன்னான்: "அவன் எந்திரிக்கிறது எனக்குத் தெரிஞ்சுதுண்ணே. ஸ்பானரும் தெரிஞ்சுது. கால் வரல. எண்ணி முடிக்கட்டும்னு நின்னேன்." சொல்லிவிட்டு விரிப்பை உருவத் தொடங்கினான்.

சின்னவள் ஒன்பது வாரம் கழித்து வேலைக்கு வந்தாள். கம்பியை எடுத்திருந்தார்கள். வாய் ஒரு பக்கமாகத்தான் திறந்தது, பேச்சு கொஞ்சம் குழறியது. எனக்கு எதிர்முனைதான். நான் அவளுக்குக் கேட்கிற காதுப் பக்கமாக இடம் மாறி நின்றுகொண்டேன். காலையிலிருந்து மத்தியானம் வரை விரிப்புகளை மடித்தோம். உள்ளே வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. இரண்டு பேரும் முனையோடு நெருங்கி வந்தபோது சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு நானும் எண்ணினேன்மா."

"தெரியும்ணே. உங்க குரல் கேட்டுச்சு."

"என்ன மன்னிச்சுடுன்னு கேக்கக்கூட எனக்கு..."

"நானும்தான் எண்ணினேன்."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

"மனசுக்குள்ள எண்ணினேன்" என்றாள். "பத்து வந்துட்டா அவன் போயிடணும்ல, அப்புறம் பேச்சே கிடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க. வீட்டுக் கதவு என் முதுகுக்குப் பின்னாலதான் திறந்திருந்துச்சுண்ணே. அக்கா கூட உள்ள வாடி, உள்ள வாடின்னு கத்தினா. இன்னும் நாலுதான இருக்குன்னு நின்னுட்டேன்."